உட்கார ஓர் இடம், கேட்க ஒரு காது

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பாடத்தைப் பற்றியது அல்ல. "எந்த ஊரு மக்கா?" என்பதுதான். ஊரைச் சொன்னால், "ஊர்ல எங்க?" என்று அடுத்தது வரும். அதையும் சொன்னால், "எந்தக் கோயில், எந்தச் சபை?" என்று மூன்றாவது கேள்வி வரும். நாஞ்சில் நாட்டில் பெரும்பாலும் சாதியை நேராகக் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இந்த மூன்று கேள்விகளே போதும்.

பூதப்பாண்டிப் பக்கமிருந்தோ, தோவாளைப் பக்கமிருந்தோ, குலசேகரம் பக்கமிருந்தோ பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் படிக்க வருகிற தலித் மாணவர் அந்த மூன்றாவது கேள்விக்கு முன்னால் ஒரு நொடி தயங்குவார். உண்மையைச் சொல்வதா, பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித் தப்புவதா என்ற தயக்கம் அது. ஒரு நொடித் தயக்கம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். அது மூன்று வருடம் நீண்டால் பெரிய விஷயம்தான். யாரோடு சேர்ந்து சாப்பிடுவது, யாரை வீட்டுக்கு அழைப்பது, உதவித்தொகைக்குப் பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்பதா என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே படிக்கிற பிள்ளையின் மனம் எவ்வளவு களைத்துப்போகும் என்பதை மதிப்பெண் பட்டியல் காட்டாது.

இந்தக் களைப்பை இறக்கி வைக்கக் கல்லூரிக்குள் ஓர் இடம் வேண்டும். இந்த வாரம் நாம் பேச வருவது அதைப் பற்றித்தான். முன்கூட்டி அனுமதி வாங்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், இடைவேளையில் வந்து உட்காரும் இடம். அங்கே இருப்பவர் அதிகாரியோ பேராசிரியரோ அல்ல, கொஞ்சம் பயிற்சி பெற்ற இன்னொரு மாணவர். இதைச் 'சக மாணவர் துணை' என்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது பல காலமாக இருக்கிறது. நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை என்பது நம் கருத்து.

நூற்றுக்கு நான்கு பேர்

ஏன் கூடுதலாக? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்குச் சுமார் 20 பேர். கன்னியாகுமரி மாவட்டத்திலோ சுமார் 4 பேர்தான். வடமாவட்டங்களில் ஒரு தலித் மாணவர் வகுப்புக்குள் நுழைந்தால் தம்மைப் போன்ற பத்துப் பேரைப் பார்க்க முடியும். இங்கே ஒருவரையோ இருவரையோ பார்த்தால் உண்டு. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம், நூற்றுக்கு 90-க்கு மேல் என்று நாம் பெருமைப்படும் மாவட்டம் இது. அந்தப் பெருமையின் நடுவே எண்ணிக்கையில் குறைந்தவர்கள் தனித்து நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த நான்கு பேரில் தலித் கிறித்தவர்கள் சேரவில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியாகக் கணக்கில் வருவார்கள். கிறித்தவரான ஆதிதிராவிடர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். நம் மாவட்டத்தில் கிறித்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். ஆகவே இங்கே ஒரே தெருவில், ஒரே பந்தத்தில் உள்ள இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு சான்றிதழ்களோடு கல்லூரிக்கு வருகிறார்கள். தெருவில் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான். சட்டம் தரும் பாதுகாப்பு வேறு வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒருவருக்குப் பொருந்தும், மற்றவருக்குப் பொருந்தாது. இந்தச் சிக்கலை விளக்கிச் சொல்லவே கல்லூரியில் ஆள் இல்லாதபோது, அதனால் வரும் மனவருத்தத்தை யாரிடம் சொல்வது?

பேச்சிப்பாறை மலையிலிருந்து இறங்கி வரும் காணிக்கார மாணவர்களின் நிலை இன்னும் தனிமையானது. அவர்களுக்கு ஒரு வகுப்பில் இரண்டாவது ஆள் இருப்பதே அரிது.

நாடு கண்ட இழப்புகள்

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய கவலை அல்ல. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிரிழந்தார். 2017 மார்ச்சில் டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்த சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் பாயல் தாட்வி. 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் முதலாண்டு படித்த தர்ஷன் சோலங்கி. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், தன் குடும்பத்தில் முதல் முறையாக அவ்வளவு தூரம் போன ஒரு பிள்ளையைப் பற்றிய கனவு இருந்தது.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் சொல்வதை நாமும் மதிக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்கள் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும்தான். தேர்வு பயம், கடன், காதல், வீட்டுப் பிரச்சினை, நோய் என்று பல சுமைகள் உண்டு. ஆனால் தலித் மாணவர் இந்தச் சுமைகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, அதன் மேல் இன்னொன்றையும் சுமக்கிறார். அந்த இன்னொன்றை வெளியே சொன்னால் "எல்லாத்துக்கும் சாதிதானா?" என்ற பதில் வருமோ என்று பயப்படுகிறார். சொல்லாமலேயே விடுகிறார்.

ரோகித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் ஆபிதாவும் 2019-இல் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் ஏட்டில் மட்டும் இருக்கின்றன, நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. பிள்ளையை இழந்த இரண்டு தாய்மார் மற்றவர் பிள்ளைகளுக்காக வழக்காடினார்கள் என்பதை நம் ஊர்ப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

வெலிவாடா சொன்னது

ரோகித்தின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அவரும் அவரோடு நான்கு மாணவர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பொது இடங்களில் கூடவும் அவர்களுக்குத் தடை. 2016 ஜனவரி தொடக்கத்தில் அவர்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கடைகள் இருக்கும் பகுதியில், திறந்த வெளியில் ஒரு கூடாரம் போட்டார்கள். அம்பேத்கர், சாவித்திரிபாய் பூலே போன்றவர்களின் படங்களை வைத்தார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள்.

வெலிவாடா போராட்டக் களம் மட்டும் அல்ல. துரத்தப்பட்ட பிள்ளைகள் ஒன்றாக இரவைக் கழித்த இடம். வழியில் போகிறவர்கள் வந்து உட்கார்ந்து பேசிய இடம். பிறகு நாடு முழுவதிலுமிருந்து மாணவர்கள் அங்கே வந்து அழுதார்கள், பேசினார்கள். பல்கலைக்கழகம் கட்டித் தராத இடத்தைப் பிள்ளைகளே துணியாலும் தட்டியாலும் கட்டிக்கொண்டார்கள்.

இதே தேவைதான் மற்ற வளாகங்களில் வேறு உருவம் எடுத்தது. சென்னை ஐஐடியில் 2014-இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் பிறந்தது. 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டு, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் அடுத்த மாதமே திரும்பக் கிடைத்தது. மும்பை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் பூலே வட்டம் இருக்கிறது. இவை வாசகர் வட்டங்கள் என்றாலும், புதிதாக வரும் பிள்ளைக்கு "நீ தனி ஆள் இல்லை" என்று சொல்லும் இடங்களாகவும் இருந்தன. மனநல ஆலோசனை மையத்தில் பட்டியல் சாதி, பழங்குடி ஆலோசகர்களும் வேண்டும் என்று மும்பை வட்டத்தினர் தொடர்ந்து கேட்டார்கள். காரணம் எளிது. "இடஒதுக்கீட்டில்தானே வந்தாய்" என்ற சொல் எப்படிக் குத்தும் என்பதை முதலில் பாடம் நடத்தி விளக்கிய பிறகுதான் தன் வேதனையைச் சொல்ல முடியும் என்றால், பாதிப் பேர் அந்தக் கதவையே தட்டமாட்டார்கள்.

கேட்பதற்கும் பயிற்சி உண்டு

"பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்ன ஆலோசனை சொல்லிவிட முடியும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே வேலை ஆலோசனை சொல்வது அல்ல, காது கொடுப்பது.

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970-இல் 'நைட்லைன்' என்ற ஒரு சேவை தொடங்கியது. தூக்கம் வராத, மனம் கலங்கிய மாணவர் இரவில் பேசுவதற்கு இன்னொரு மாணவர் விழித்திருப்பார். தீர்ப்பும் சொல்லமாட்டார், புத்திமதியும் சொல்லமாட்டார். கேட்பார். பின்னால் அது பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. நம் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அமைப்பும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை வைத்தே இயங்குகிறது. அங்கே பேசுவதைக் கேட்பவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கமானது. அங்கே மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஹராரே நகரில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்தின் முற்றத்தில் ஒரு மரப் பெஞ்சு போட்டார்கள். 'நட்புப் பெஞ்சு' என்று பெயர். பாட்டி உட்கார்ந்திருப்பார். வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள்படும் தங்கள் ஊர்ச் சொல்லையே பயன்படுத்தினார்கள். நம் ஊரிலும் "பிள்ள எதையோ கிடந்து யோசிக்குதான்" என்றுதானே சொல்கிறோம். இந்தப் பெஞ்சில் பேசியவர்களுக்கு மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது என்று 2016-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வெளிவந்தது. பெரிய கட்டடமும் இல்லை, விலையுயர்ந்த கருவியும் இல்லை. ஒரு பெஞ்சும், பழக்கப்பட்ட ஒரு காதும்தான்.

அரசும் நீதிமன்றமும்

நம் மாநிலத்தில் இதற்கு வழி திறக்கப்பட்டிருக்கிறது. 2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் மனநலச் சேவை தொடங்கியது. தமிழில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அது இயங்குகிறது. அதே ஆண்டு இறுதியில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனநல நல்லாதரவு மன்றங்கள்' அறிவிக்கப்பட்டன. சுருக்கமாக 'மனம்' என்கிறார்கள். மாணவர்களையும் சேர்த்து அமைக்கும் இந்த மன்றங்கள் பின்னர் பொறியியல் கல்லூரிகளுக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் போக வேண்டும் என்பது திட்டம். நம் மாவட்டத்திலும் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உச்ச நீதிமன்றமும் இதில் பேசியிருக்கிறது. 2025 மார்ச்சில், டில்லி ஐஐடியில் இறந்த இரண்டு தலித் மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், மாணவர் மனநலம் பற்றி ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று இன்னொரு வழக்கில் நாடு முழுவதும் பொருந்தும் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களும் ஊழியர்களும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி பெற வேண்டும். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் மாணவர்களிடம் பாகுபாடு இல்லாமல் நடந்துகொள்ளவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

ஆக, உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பது உரிமை. சலுகை கேட்பது போலத் தலையைச் சொறிந்துகொண்டு கேட்க வேண்டியதில்லை.

படிவம் நிரப்பும் மேசை

ஆலோசகர் வந்துவிட்டால் போதுமா? 'மனநல ஆலோசனை' என்று பலகை தொங்கும் அறைக்குள் நம் பிள்ளை நுழையுமா? நுழைவதை யாராவது பார்த்துவிட்டால் "அவனுக்கு என்னவோ கோளாறு" என்று பேச்சு வருமே என்ற பயம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதிகம். பலகையைவிட அறை இருக்கும் இடமும் திறந்திருக்கும் நேரமும் முக்கியம். இதில் நாம் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அந்த இடம் படிவம் நிரப்பும் மேசையாகத் தொடங்கட்டும். உதவித்தொகைக்கு யுமிஸ் தளத்தில் பதிவு, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று முதலாண்டுப் பிள்ளை அலைகிற அலைச்சல் கொஞ்சம் அல்ல. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். கிறித்தவ ஆதிதிராவிடப் பிள்ளைக்குச் சான்று பிற்படுத்தப்பட்டோர் என்று இருந்தாலும், தமிழகத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக உதவித்தொகை உண்டு. இது தெரியாமல் எத்தனை பேர் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்! இதைத் தெரிந்த மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்தால் போதும். படிவம் நிரப்ப வந்தேன் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். படிவம் நிரப்ப வருகிற பிள்ளை இரண்டாவது முறை வரும்போது வேறு எதையாவது பேசும். மூன்றாவது முறை சும்மாவே வரும்.

இரண்டாவது, நேரம். நம் மாவட்டத்தில் பெரும்பாலான மாணவர்கள் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் வடசேரி பஸ் நிலையத்துக்கோ மார்த்தாண்டத்துக்கோ ஓட வேண்டும். ஊர்ப் பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். மாலை நான்கு மணிக்குத் திறக்கும் அறை இவர்களுக்குப் பயன்படாது. மதிய உணவு இடைவேளையில் திறந்திருக்க வேண்டும். தனியாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு டப்பாவைத் திறக்க ஓர் இடம் கிடைப்பதே பாதி ஆறுதல்.

மூன்றாவது, யார் உட்காருவது. மன்றத்தில் சேரும் மாணவர்களில் தலித், பழங்குடிப் பிள்ளைகள் கண்டிப்பாக இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்குமான இடமாகவே அது இருக்கட்டும். தலித்துகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அதுவே இன்னொரு சேரியாகிவிடும். ஆனால் உள்ளே நுழையும் தலித் பிள்ளை, விளக்கம் சொல்லாமலேயே புரிந்துகொள்ளும் ஒரு முகத்தையாவது அங்கே பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

நான்காவது, ரகசியம். சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போனாலும் அந்த இடம் அன்றோடு செத்துவிடும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், சொன்னவரிடம் சொல்லிவிட்டே, பொறுப்பானவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது, கேட்கிறவரையும் கவனிக்க வேண்டும். பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்கும் பிள்ளைக்கும் மனம் கனக்கும். முறை வைத்து மாறி மாறி உட்கார வேண்டும். வாரம் ஒருமுறை ஆலோசகரோ மனநல மருத்துவரோ அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கேட்பது எப்படி என்பதற்குப் பெரிய பாடப்புத்தகம் வேண்டாம். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சொல்லாமல் இருப்பது. "நான் உன் இடத்துல இருந்தா..." என்று தொடங்காமல் இருப்பது. இடையில் செல்போனைப் பார்க்காமல் இருப்பது. "சொல்லு மக்கா, கேக்கேன்" என்று மட்டும் சொல்வது. சாக வேண்டும் போல இருக்கிறது என்ற எண்ணம் வந்ததா என்று நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, வெளியே சொல்ல வழி கிடைக்கும் என்பதே மனநல மருத்துவர்களின் அறிவுரை.

அநீதிக்கு மருந்து ஆறுதல் அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்ட பிள்ளையிடம் "மனதைத் தேற்றிக்கொள், மூச்சை இழுத்து விடு" என்று சொல்லி அனுப்புவது துணை ஆகாது. அவருக்கு நடந்தது மனநோய் அல்ல, குற்றம். அதை அவருடைய மனப் பிரச்சினையாக மாற்றிவிட்டால் குற்றவாளி தப்பித்துக்கொள்கிறார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமத்துவ ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. சக மாணவர் மேசையில் இருப்பவருக்கு அந்த அலுவலர் யார், புகார் எப்படி எழுதுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர் முடிவு செய்யட்டும். கொடுக்க முடிவு செய்தால் கூடவே நடந்து போக ஓர் ஆள் வேண்டும். அதுவும் துணைதான்.

மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. நாள்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோ பேசுவது போலக் கேட்கிறது, உயிரை விடும் எண்ணம் விடாமல் வருகிறது என்றால் அது நண்பர்களால் ஆகிற காரியம் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம். பேச்சுத் துணை, சட்டம், மருத்துவம் மூன்றும் வேறு வேறு. எது எப்போது தேவை என்று தெரிந்து வழிகாட்டுவதுதான் அந்த மேசையின் வேலை.

நம் மண்ணுக்குப் புதிது அல்ல

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் வேண்டும், வாத்தியார் வேண்டும் என்று கேட்டவர்கள் நம் முன்னோர். மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் சமூகத்து மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை நடந்துபோய், தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பின் பயனாக 1806-இல் ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்தே தன் வரலாற்றை 1809 முதல் எண்ணுகிறது நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. இந்த மாவட்டத்தின் ஆங்கிலக் கல்விக்கு முதல் கதவைத் தட்டியது ஒரு தலித்தின் கை. அவருடைய வழிவந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வராந்தாவில் ஒதுங்கி நிற்கலாமா?

நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஊரூட்டம்பலத்தில், அய்யன்காளி 1910 வாக்கில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் எரிந்து மிஞ்சிய ஒரு பெஞ்சை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தலித் பிள்ளை பெஞ்சில் உட்காருவது அன்று அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. இன்று உட்கார இடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது முதல் பணிகளில் ஒன்றாக 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க ஓர் இடம் கிடைக்காமல் துரத்தப்பட்டவர் அவர். படிப்பு மட்டும் போதாது, படிக்கிற பிள்ளைகள் ஒன்றாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருக்குப் பட்டறிவு.

நம் மாவட்டத்தில் அய்யா வைகுண்டர் காலத்திலிருந்து ஊருக்கு ஊர் 'நிழல் தாங்கல்' இருக்கிறது. கோயில் தெருவில் நடக்க முடியாத, கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத காலத்தில், எல்லாரும் வந்து நிழலில் தங்கிப் போகலாம் என்று ஓர் இடத்தை நம் மக்கள் உண்டாக்கினார்கள். நாம் கல்லூரிகளிடம் கேட்பதும் அப்படி ஒரு நிழல்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் உழைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். மாலையில் வீடு திரும்பினால் "என்ன மார்க்கு?" என்று கேட்கிறோம். அதோடு "இன்னைக்கு யாரு கூட இருந்து சாப்பிட்ட?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். அதற்கு வருகிற பதிலில் பிள்ளையின் நிலை தெரிந்துவிடும். "யாரு கூடயும் இல்ல" என்று இரண்டு நாள் தொடர்ந்து வந்தால், அன்று மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். கிழங்கு அவித்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசும்வரை காத்திருப்போம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா, சமவாய்ப்புப் பிரிவு இருக்கிறதா, மாணவர் மன்றம் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இருந்தால் அதில் சேருங்கள். இல்லாவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி வரும்வரை மரத்தடியில் ஒரு பெஞ்சில் தொடங்கலாம். மதியம் ஒரு மணிக்கு, டப்பாவோடு. அங்கே தனியாகச் சாப்பிடுகிற ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் முதல் நாள் வேலை முடிந்தது.

மனம் தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 14416 எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களை வெட்டி எடுத்து வகுப்பறைக் கதவில் ஒட்டுங்கள்.